அணுக்களின் இடம் அறிந்த அறிஞர் ஜி. என். இராமச்சந்திரன்

கடலைக் கடந்தவர்களையும் மலையில் ஏறியவர்களையும் உலகம் எளிதில் நினைவில் வைத்துக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலக்கூறுக்குள்ளே அணுக்கள் எப்படி அமர்ந்திருக்கின்றன என்று கண்டு சொன்னவர்களை அவ்வளவாக நினைப்பதில்லை. அப்படி நாம் மறந்துவிடக் கூடாத ஒருவர் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன். சென்னைக் கிண்டியில் இருந்துகொண்டே உலகத்துப் பாடநூல்களில் தம் பெயரைப் பதித்தவர் அவர். நம் தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் புரதத்தின் வடிவத்தை அவர் ஆராய்ந்து கண்டார். அந்த ஆராய்ச்சியில் அவர் வகுத்த வழி, நம் வீட்டுத் தோட்டத்துச் செடிகொடிகளின் செல்சுவரில் இருக்கும் புரதத்தையும் அதன்மேல் தொற்றியிருக்கும் சர்க்கரைகளையும் புரிந்துகொள்ளக் கூடத் துணை செய்கிறது. அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாகக் காண்போம்.

இளமையும் கல்வியும்

இராமச்சந்திரன் 1922 ஆம் ஆண்டு அக்டோபர் 8 ஆம் நாள், அன்றைய கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்த எர்ணாகுளத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் நாராயண ஐயர் அவ்வூர் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியராகவும் பின்னர் முதல்வராகவும் விளங்கியவர். தாயார் இலட்சுமி அம்மாள். வீட்டிலேயே கணிதம் ஒரு விளையாட்டைப் போலச் சிறுவனுக்குப் பழக்கமாயிற்று. பின்னாளில் எந்த ஆராய்ச்சியில் இறங்கினாலும் கணிதத்தையே முதல் கருவியாக அவர் எடுத்துக்கொண்டதற்கு விதை அங்கேதான் விழுந்தது.

1939 இல் திருச்சிராப்பள்ளியில் இயேசு சபைத் துறவியர் நடத்தும் புனித வளனார் கல்லூரியில் சேர்ந்து பௌதிக ஆனர்ஸ் படித்தார். 1942 இல் சென்னை மாகாணத்திலேயே முதல்வராகத் தேறினார். அதே ஆண்டில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மின்பொறியியல் படிக்கச் சென்றார். அங்கே சர் சி. வி. இராமன் இருந்தார். இந்த இளைஞனின் இடம் பௌதிகமே என்று கண்டுகொண்ட இராமன், அவரைத் தம் துறைக்கு மாற்றிக்கொண்டார். மின்பொறியாளராக வேண்டியவர் இவ்வாறு பௌதிக ஆராய்ச்சியாளரானார். படிகங்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காகச் சென்னைப் பல்கலைக் கழகம் 1947 இல் அவருக்கு டி.எஸ்சி. பட்டம் வழங்கியது. அடுத்த ஈராண்டுகள் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தின் காவெண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் கழிந்தன. 1949 இல் அங்கே பிஎச்.டி. பட்டமும் பெற்றுத் தாயகம் திரும்பினார்.

சென்னையில் ஒரு புதிய துறை

1952 இல் சென்னைப் பல்கலைக் கழகம் பௌதிகத் துறை ஒன்றைக் கிண்டியில் தொடங்கியது. அப்போது துணைவேந்தராக இருந்தவர் டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார். அவர் தலைமைப் பொறுப்பை ஏற்குமாறு முதலில் இராமனையே அழைத்தார். இராமனோ தமக்குப் பதிலாகத் தம் மாணவரைச் சுட்டிக்காட்டினார். இவ்வாறு முப்பதாவது வயதிலேயே இராமச்சந்திரன் பேராசிரியராகவும் துறைத் தலைவராகவும் ஆனார்.

அவர் பொறுப்பேற்றதை அடுத்துச் சென்னைக்கு வந்த ஆங்கில விஞ்ஞானி ஜே. டி. பெர்னால், கொலாஜன் என்னும் புரதத்தின் வடிவம் இன்னும் சரியாக விளங்கவில்லை என்று அவரிடம் பேச்சுவாக்கில் குறிப்பிட்டார். இராமச்சந்திரன் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு ஆகிய எல்லாவற்றிலும் இருப்பது கொலாஜன். நம் உடலிலுள்ள புரதங்களில் இதுவே மிக அதிகம். ஆட்டுக்காலை நெடுநேரம் கொதிக்க வைத்தால் சாறு ஆறியபின் பசைபோல் உறைகிறதே, அதற்குக் காரணமும் கொலாஜன்தான். மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருந்ததும் நல்ல வாய்ப்பாயிற்று.

முப்புரிக் கயிறு

புரதம் என்பது அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த ஒரு சரம். கொலாஜன் சரத்தில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்னும் அமினோ அமிலம் வருகிறது. அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது கிளைசின். புரோலின், ஹைட்ராக்ஸிபுரோலின் என்னும் வேறு இரண்டும் இச்சரத்தில் மிகுதி. இந்த விவரங்களையும் எக்ஸ்-கதிர்ப் படங்களையும் வைத்துக்கொண்டு இராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் ஒரு வடிவத்தை உருவாக்கினர். மூன்று சரங்கள் அருகருகே இணைந்து நிற்கின்றன. நடுவே இருக்கும் இடமோ மிகக் குறுகல். அங்கே பொருந்தக்கூடிய அளவு சிறியது கிளைசின் ஒன்றே. அதனால்தான் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் அது வர வேண்டியிருக்கிறது.

இக்கண்டுபிடிப்பு 1954 இல் 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று. 1955 இல் அவர்களே அதைத் திருத்தி, மூன்று சரங்களும் முறுக்கிய கயிறு போல ஒன்றையொன்று சுற்றிச் செல்கின்றன என்று மீண்டும் எழுதினர். தேங்காய் நாரை முறுக்கிக் கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தனிப்புரி எளிதில் அறும், முப்புரி அறாது.

சோதனையும் சாதனையும்

அதே 1955 இல் ஒரு சோதனை வந்தது. டி.என்.ஏ. வடிவத்தைக் கண்டு புகழ்பெற்றிருந்த ஃபிரான்சிஸ் கிரிக்கும் அவருடைய நண்பர் அலெக்சாண்டர் ரிச்சும் சென்னை வடிவத்தில் குறை கண்டனர். சில அணுக்கள் ஒன்றையொன்று அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்பதும், சரங்களுக்கு இடையே சொல்லப்பட்ட ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கை பொருந்தாது என்பதும் அவர்கள் கூறிய குறைகள். உலகப் புகழ் பெற்ற ஆய்வுக்கூடம் ஒரு பக்கம். தொடங்கி மூன்றே ஆண்டுகள் ஆன சென்னைத் துறை மறு பக்கம். பலர் இந்த இடத்தில் மனம் சோர்ந்திருப்பார்கள். சிலர் வீண் வாதத்தில் இறங்கியிருப்பார்கள்.

இராமச்சந்திரன் அந்தக் குறையையே ஒரு கேள்வியாக மாற்றிக்கொண்டார். இரண்டு அணுக்கள் எவ்வளவு தூரம் நெருங்கலாம்? இதற்கு உறுதியான விடை அப்போது எவரிடமும் இல்லை. அதுவரை வெளியான படிக ஆராய்ச்சிகளைத் தேடி எடுத்து, எந்த அணு எந்த அணுவுக்கு எவ்வளவு அருகில் வந்திருக்கிறது என்று அவருடைய குழுவினர் பட்டியலிட்டனர். பிறகு சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் என்னும் இரு மாணவர்களுடன் சேர்ந்து, ஒரு புரதச் சரம் எப்படியெல்லாம் திரும்பலாம், எப்படித் திரும்பவே முடியாது என்று கணக்கிட்டார். கணினி இல்லாத காலம் அது. மேசைமேல் வைக்கும் கணக்குப் பொறியைக் கொண்டே ஒவ்வொரு கோணமாகக் கணக்கிட்டனர்.

வகுப்பில் ஒரே பெஞ்சில் ஐவர் நெருங்கி உட்கார்ந்திருக்கும்போது முழங்கையை நினைத்த பக்கமெல்லாம் நீட்ட முடியுமா? பக்கத்தில் இருப்பவர்மேல் இடிக்கும். அணுக்களின் நிலையும் அதுவே. சரத்தின் ஒவ்வொரு கண்ணியிலும் சுழலக்கூடிய பிணைப்புகள் இரண்டு உண்டு. இரண்டு கோணங்களையும் ஒரு கட்டத்தில் குறித்தால், பெரும் பகுதி அணுக்கள் மோதிக்கொள்ளும் இடமாகவே இருக்கிறது. அவை மோதாமல் இருக்கக்கூடியவை சில சிறு தீவுகளே. 1963 இல் வெளியான இந்தப் படத்திற்கு இன்று உலகெங்கும் இராமச்சந்திரன் வரைபடம் என்று பெயர். எந்த நாட்டில் புதிய புரதத்தின் வடிவத்தைக் கண்டாலும், அது சரிதானா என்று இந்த வரைபடத்தில் வைத்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

கொலாஜன் விவாதத்தின் முடிவையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். முறுக்கிய மூன்று சரங்கள் என்னும் அடிப்படை சென்னையில் கண்டது, அது நிலைத்தது. ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கையில் கேம்பிரிட்ஜார் கூறியதே சரி என்று பின்னாளில் தெளிவாயிற்று. 1994 இல் கொலாஜனைப் போன்ற ஒரு சிறு சரத்தின் படிகத்தை ஆராய்ந்தபோது இவை இரண்டும் உறுதிப்பட்டன. ஆனால் அந்த விவாதம் எழாமல் இருந்திருந்தால் வரைபடம் பிறந்திருக்குமா என்பது ஐயமே.

சர்க்கரைச் சங்கிலிகள்

இதே கணக்கைச் சர்க்கரைகளுக்கும் போடலாம் என்று இராமச்சந்திரன் கண்டார். குறிஞ்சிப்பாடித் தறிகளில் ஓடும் பருத்தி நூல் செல்லுலோஸால் ஆனது. அந்தப் பாவுக்கு விறைப்புத் தரும் கஞ்சி மாவுச்சத்து. செல்லுலோஸும் மாவுச்சத்தும் குளுக்கோஸ் என்னும் ஒரே சர்க்கரையைக் கோத்த சங்கிலிகள்தாம். கோத்த விதத்தில் சிறு வேறுபாடு, அவ்வளவே. அதனால் ஒன்று நாடாவைப் போல நீண்டு நூலாகிறது. மற்றொன்று சுருண்டு மாவாகிறது. இரண்டு சர்க்கரைகளுக்கு நடுவிலும் சுழலும் பிணைப்புகள் இரண்டு இருப்பதால், அங்கும் எந்தக் கோணம் இயலும், எது இயலாது என்று கணக்கிட முடியும். கடலூர்த் துறைமுகத்தில் குவியும் இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டில் உள்ள கைட்டின் சங்கிலியை இராமச்சந்திரனும் இராமகிருஷ்ணனும் 1962 இல் ஆராய்ந்து எழுதினர். மாவுச்சத்துச் சங்கிலியைப் பற்றிய ஆராய்ச்சியில் வி. எஸ். ஆர். ராவ் முதலியோர் அவருடன் ஈடுபட்டனர். 1963, 1967 ஆகிய ஆண்டுகளில் சென்னையில் கூடிய இரு சர்வதேசக் கருத்தரங்குகளுக்குப் பல நாட்டு அறிஞர்கள் வந்தனர்.

செடியின் சுவரில் ஓர் உறவு

ஹைட்ராக்ஸிபுரோலின் கொலாஜனுக்கே உரியது என்று நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தது. 1960 இல் கேம்பிரிட்ஜில் டெரெக் லாம்போர்ட், நார்த்கோட் என்னும் இருவர் அதைச் செடிகளின் செல்சுவரில் கண்டபோது விஞ்ஞானிகள் வியந்தனர். எலும்போ தோலோ இல்லாத செடிக்கு இது எதற்கு? அதைத் தாங்கிய புரதத்திற்கு எக்ஸ்டென்ஸின் என்று லாம்போர்ட் பெயரிட்டார். 1967 இல் மற்றோர் உண்மையையும் அவர் வெளியிட்டார். இப்புரதத்தின் ஹைட்ராக்ஸிபுரோலின்களில் சிறு சர்க்கரைச் சங்கிலிகள் தொற்றியிருக்கின்றன. அந்தச் சர்க்கரையின் பெயர் அராபினோஸ். அரபிப் பிசினிலிருந்து முதலில் கிடைத்ததால் வந்த பெயர் அது. நம் பக்கத்துக் கருவேலம் பிசினிலும் முந்திரிப் பிசினிலும் கூட இந்த அராபினோஸ் உண்டு.

எக்ஸ்டென்ஸின் சரத்தில் ஒரு செரினும் அதைத் தொடர்ந்து நான்கு ஹைட்ராக்ஸிபுரோலின்களும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொரு ஹைட்ராக்ஸிபுரோலினிலிருந்தும் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு அராபினோஸ்கள் கொண்ட ஒரு சிறு கிளை புறப்படுகிறது. முதல் மூன்று அராபினோஸ்களும் பீட்டா என்னும் வகையில் இணைந்திருக்க, நான்காவது மட்டும் ஆல்ஃபா வகையில் இணைகிறது. செரின்மேல் காலக்டோஸ் என்னும் சர்க்கரை ஒன்று அமர்கிறது. செல்சுவரில் இச்சரங்கள் டைரோசின் என்னும் அமினோ அமிலத்தின் வழியாக முடிச்சிட்டு வலைபோல் இறுகுகின்றன.

இப்புரதத்தை இராமச்சந்திரன் தாமே ஆராயவில்லை. ஆயினும் அவர் வரைபடத்தில் இதற்கு ஓர் இடம் உண்டு. கொலாஜனின் தனிச்சரம் ஒவ்வொன்றும் இடப்பக்கமாக, சுற்றுக்கு ஏறத்தாழ மூன்று அமினோ அமிலங்களாகத் திருகியிருக்கிறது. வரைபடத்தில் மேல் இடமூலையில் அமைந்த தீவு இதற்கு உரியது. எக்ஸ்டென்ஸினும் அதே திருகலில் அதே இடத்தில் வந்து அமர்கிறது. விலங்கின் தோலும் செடியின் சுவரும் உறுதிக்காக ஒரே திருகலைத் தேர்ந்துகொண்டிருக்கின்றன என்றால் வியப்பாக இல்லையா!

ஆனால் தாங்கும் விதம் வேறு. கொலாஜனில் மூன்று சரங்கள் ஒன்றையொன்று தாங்குகின்றன. எக்ஸ்டென்ஸினில் சரம் தனித்து நிற்கிறது; அதை நிமிர்த்திப் பிடிப்பவை அதன்மேல் நெருங்கி அமைந்த சர்க்கரைகள். பூச்சரத்தைப் பாருங்கள். இடைவெளி விட்டுக் கட்டினால் துவண்டு விழும். நெருக்கிக் கட்டினால் விறைப்பாக நிற்கும். 1984 இல் கேரட் கிழங்கிலிருந்து எடுத்த புரதத்தை ஆராய்ந்தவர்கள், சர்க்கரைகள் இருக்கும்போது அந்தத் திருகல் உறுதிப்படுவதைக் கண்டனர். 2011 இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி, கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடியில் இச்சர்க்கரைகளைச் சேர்க்கும் நொதி குறைந்தால் வேர்த்தூவிகள் வளராமல் குட்டையாகிவிடுகின்றன என்று காட்டியது. மண்ணிலிருந்து நீரையும் உப்புகளையும் உறிஞ்சுவது வேர்த்தூவி. ஆகவே, வயலில் நிற்கும் பயிரின் வாழ்வும் இத்தகைய சிறு சர்க்கரைக் கிளைகளைச் சார்ந்திருக்கிறது எனலாம்.

மனிதனின் நிலையும் இதற்கு இணையானதே. உணவில் வைட்டமின் சி இல்லாவிட்டால் நம் உடல் ஹைட்ராக்ஸிபுரோலினைச் சரிவர உண்டாக்க முடியாது. கொலாஜன் தளர்ந்து ஈறுகளில் இரத்தம் கசியும். ஸ்கர்வி என்னும் இந்நோயால் முற்காலத்தில் கப்பலோட்டிகள் பலர் மாண்டனர். ஒரு நெல்லிக்காயின் அருமை இதிலிருந்து விளங்கும்.

பிற்கால வாழ்க்கை

1970-71 இல் இராமச்சந்திரன் சென்னையை விட்டு மீண்டும் பெங்களூர் சென்று, இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவை நிறுவினார். 1971 இல் ஏ. வி. இலட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, பல திசைகளில் எடுத்த எக்ஸ்-கதிர் நிழல்களைக் கொண்டு உள்ளிருக்கும் பொருளின் உருவத்தைக் கணக்கிடும் ஒரு முறையை வெளியிட்டார். இன்று மருத்துவமனைகளில் எடுக்கும் ஸ்கேன் படங்களுக்கு அடிப்படையாக விளங்கும் கணக்கு முறைகளில் அதுவும் ஒன்று. பிற்காலத்தில் இந்தியத் தர்க்க சாத்திரத்தைக் கணித வடிவில் எழுதும் முயற்சியிலும் ஈடுபட்டார்.

1961 இல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு, 1977 இல் இலண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவி, 1999 இல் சர்வதேசப் படிகவியல் சங்கத்தின் எவால்டு பரிசு ஆகிய சிறப்புகள் அவரைத் தேடி வந்தன. இல்லறத்தில் அவருக்குத் துணையாக இருந்த இராஜலட்சுமி அம்மையார் 1998 இல் காலமானார். நடுக்கு வாத நோயால் துன்புற்ற இராமச்சந்திரன் 2001 ஏப்ரல் 7 ஆம் நாள் சென்னையில் இயற்கை எய்தினார்.

நாம் கற்க வேண்டியது

தோழியரே, இந்த அறிஞரின் வாழ்வில் நாம் கற்க வேண்டியவை பல. பெரிய ஆய்வுக்கூடம் இல்லாத இடத்திலும் பெரிய ஆராய்ச்சி செய்ய முடியும் என்பது ஒன்று. பிறர் நம் வேலையில் குறை காணும்போது முகம் வாடாமல், அக்குறையில் உண்மை எவ்வளவு என்று அளந்து பார்க்க வேண்டும் என்பது அதைவிடப் பெரிய பாடம். அப்படி அளந்து பார்த்ததால்தான் தம் வடிவத்தைக் காட்டிலும் பெரியதொரு விதியை அவர் கண்டார். விடைத்தாளில் சிவப்பு மையால் சுழித்த இடத்தைப் பார்த்துக் கண் கலங்குவதோடு நின்றுவிடாமல், ஏன் சுழித்தார்கள் என்று கேட்டுப் பழகுவோம்.

நம் ஊரில் வேம்பும் முந்திரியும் பலாவும் எலும்பு இல்லாமலே புயலுக்கு ஈடுகொடுத்து நிற்கின்றன. அவற்றின் செல்சுவருக்குள் இன்னும் எவரும் விடை காணாத கேள்விகள் எத்தனையோ உள்ளன. அவற்றில் ஒன்றையேனும் நம் பள்ளியில் படித்த ஒரு பெண் எடுத்து ஆராய்ந்தால், அதுவே அந்த அறிஞருக்கு நாம் செலுத்தும் சிறந்த அஞ்சலியாகும்.